போன வருடம் இதே ஞாயிறு

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பிரசங்க மேடையைப் பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது மேடைக்கு இடது பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையை. கறுப்புச் சாயம் அடித்த தேக்குப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் மூன்று வரி: இன்று. போன ஞாயிறு. போன வருடம் இதே ஞாயிறு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆணிகள் அடித்திருக்கும். எண் எழுதிய தகரச் சில்லுகளை அந்த ஆணிகளில் மாட்டுவார்கள்.

நான் சொல்வது இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குக் கொஞ்சம் முந்தின வருஷங்கள். வைகைக்கு வடகரையில் எங்கள் கோயில். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே தொட்டி இருக்கும். நானும் இருபது வயதில் அந்தத் தொட்டியில் மூழ்கி எழுந்தவன்தான். அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தப்பாக எண்ணக் கூடாது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் கோயில்பிள்ளை கதவுகளைச் சாத்திக் குறுக்குக் கட்டையைப் போடுவார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, விளக்குப் பார்க்கிறவரைத்தான் நாங்கள் கோயில்பிள்ளை என்போம். கதவைச் சாத்துவது எதற்கென்றால், பிந்தி வருகிறவன் எண்ணிக்கையைக் குழப்பக் கூடாது, முந்திப் போகிறவன் குறைத்துவிடக் கூடாது. பிறகு அவர் ஒரு கையில் பிஸ்கட் தகரமும் மறு கையில் புளியங்கொட்டைப் பையுமாகப் பெஞ்சு பெஞ்சாக நடப்பார். ஓர் ஆளுக்கு ஒரு கொட்டை. டக், டக் என்று தகரத்தில் விழும். அது முடிகிறவரை பாட்டு கிடையாது, ஜெபம் கிடையாது, இருமக் கூட யோசிப்போம். அசைந்து இடம் மாறினால் ஒருவனே இரண்டு கொட்டையாகிவிடுவான் என்று பயம்.

ஆரம்பத்தில் சத்தம் கணீரென்று கேட்கும். தகரம் நிறைய நிறைய அமுங்கிக்கொண்டே வரும். அமுங்கின சத்தம் காதில் விழுந்தால்தான் போதகர் ஐயாவின் முகம் தெளியும்.

கைக்குழந்தையை எண்ணலாமா கூடாதா என்று ஒருமுறை சபைக் கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில், கழுத்து நின்ற குழந்தையானால் எண்ணலாம், நிற்காத குழந்தையை எண்ணக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. என் மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம் அது. ஐயா வீட்டுக்கு வந்தால் குழந்தையை வாங்கிக் கழுத்துக்குக் கீழே இருந்து கையை மெதுவாக எடுத்துப் பார்ப்பார். என் வீட்டுக்காரி அவர் போனபிறகு சொல்வாள், "ஏங்க, ஐயா ஆசீர்வாதம் பண்ணத்தான வாராரு, இல்ல கத்தரிக்காய் வாங்குற மாதிரி பதம் பாக்க வாராரா?"

ஐயாவைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. காலரா வந்த வருஷம் செல்லூரில் எங்கள் சந்துக்குள் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. அவர் வந்தார். நான் கிடந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வாந்திச் சட்டியைத் தன் கையாலேயே பிடித்தார். அவர் சிறுவயதில் அவர்கள் ஊரில் வேதக்காரர் வீடு ஒன்றே ஒன்றுதானாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கூரையில் கல் விழுமாம். "நாலே நாலு பேரா இருந்தா நாய்கூட ஏன்னு கேக்காதுடே" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். ஆள் நிறைந்திருந்தால் கல் விழாது என்று அந்த மனுஷருக்குள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. அதோடு மிஷன் சங்கத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு வேறு கணக்குப் போகவேண்டும். இரண்டும் சேர்ந்து அவரை விடவில்லை. அவர் எங்களை விடவில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பெஞ்சு என்றும், அதற்கு ஒரு விசாரிப்புக்காரர் என்றும் ஏற்பாடு. செல்லூர் பெஞ்சுகளுக்கு நான் விசாரிப்பு. அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது, முதல் கொஞ்ச நாளைக்கு. சனிக்கிழமை சாயங்காலமானால் ஐயாவின் கறுப்புக் குடை எங்கள் சந்துக்குள் வரும். தறியில் இருப்பவர்கள் நாடாவை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணே, குடை வருது, ஆளைப் பிடிங்க!" நானும் ஐயாவுமாக வீடு வீடாகப் போவோம். காய்ச்சல் என்பார்கள், ஊருக்குப் போகிறோம் என்பார்கள். ஐயா கோபப்படவே மாட்டார். நின்றுகொண்டே இருப்பார். அப்படி நிற்கிற மனுஷரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் போனபிறகு அதே வீட்டுக்காரர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்த்தது சிம்மக்கல்லில் ஒரு நூல் கடையில். முதலாளி சௌராஷ்டிரர், தங்கமான மனுஷர். எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்திருந்தார். "என்னப்பா, உங்க சாமி வாராவாரம் ஆள் எண்ணுவாராமே? எங்க சாமிக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாதுப்பா" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

எனக்குப் பிறந்த ஊர் மதுரைக்கு மேற்கே. வேளாண்மைக் குடும்பம். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது பங்காளிகள் எல்லாரும் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்தது அக்கா ஒருத்திதான். அறுவடை முடிந்தால் ஒரு சாக்கு நிலக்கடலையோடு செல்லூருக்கு வந்து நிற்பாள். சுவரில் மாட்டியிருக்கும் வசனப் படத்தைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்காக. என்ன சொல்லுதுன்னு கேக்க மாட்டேன். கேட்டா நீ பிரசங்கம் பண்ணுவே" என்பாள்.

அக்காவுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. அழகர்மலைக்கு நேர்ந்துகொண்டு பெற்ற ஒரே பெண் பிள்ளை. மூன்றாவது வயதில் அந்த மலையடிவாரத்தில் காது குத்துவதாக வேண்டுதல். எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் இல்லாமல் குத்தினால் அந்தப் பிள்ளைக்குத் தாய்வீடு இல்லை என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சு நிற்கும்.

அக்கா வெற்றிலை பாக்கோடு வந்து சொன்னாள்: "நீ கோயிலுக்குள்ள வர வேணாம்டா. நாமம் போட வேணாம், எதுவும் வேணாம். மலையடிவாரத்துல மாமரத்து நிழல்ல எங்க ஊரு பத்தரு காது குத்துவாரு. நீ பிள்ளைய மடியில வச்சுக்கிறணும், அம்புட்டுத்தான்."

"வேதக்காரன் மடியிலயான்னு உங்க வீட்டுல கேக்கலையா?"

"கேக்காம என்ன? அவன் வரமாட்டான், நம்ம சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்னு உங்க மச்சான் வீட்டாளுக துள்ளுறாக. அது நடந்துச்சுன்னா நான் உன் வீட்டு வாசப்படி ஏற முடியாது, நீ என் வீட்டு வாசப்படி ஏற முடியாது. என் தம்பி வருவான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உனக்குன்னுதான் ஞாயித்துக்கிழமையாப் பாத்து நாள் வச்சேன். அன்னிக்குத்தான உனக்கு லீவு?"

அந்த ஞாயிறு எது என்று எனக்குத் தெரியும். சங்கத்துத் துரை வருஷத்துக்கொருமுறை வந்து பலகையைப் பார்க்கிற ஞாயிறு.

ஐயாவிடம் போனேன். என்ன கேட்பார் என்று வழியெல்லாம் யோசித்துப் பதில் கட்டிக்கொண்டு போனேன். மலைக்குப் போகலாமா, விக்கிரக சம்பந்தம் ஆகாதா என்று கேட்பார். மரத்தடியில் உட்காருவேன், கும்பிடமாட்டேன், காது குத்துவது பாவமில்லை, நம் பிள்ளைகளுக்கும் குத்தியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் அவசியமே வரவில்லை. ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை பேர் போறீங்க?"

"வீட்டோடங்க ஐயா. அஞ்சு பேரு."

"அஞ்சா!"

அந்த 'அஞ்சா'வை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. விக்கிரகம் என்று சொல்லித் திட்டியிருந்தால்கூட என் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று இருந்திருப்பேன்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "எண்ணி முடிஞ்ச உடனே பக்கக் கதவு வழியா நீங்க அஞ்சு பேரும் போயிடுங்க. பிரசங்கத்துக்கு இருக்க வேணாம். கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்."

அக்கா வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு மலைக்குப் போவதென்றால் ஊருக்குள் வந்து, பாலம் கடந்து, எங்கள் கோயில் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். கோயிலில் நின்று எங்களை ஏற்றிக்கொண்டால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் சாயங்காலம்தான். அது பிறப்பதற்குள் குத்திவிட வேண்டும் என்பது அக்கா கணக்கு. எனக்கு இராகுவும் இல்லை கேதுவும் இல்லை. ஆனால் அக்காவுக்கு உண்டே. சரி என்று ஏற்பாடு பண்ணினோம்.

அந்த ஞாயிறு கடைசிப் பெஞ்சுகள் தவிரக் கோயில் நிறைந்துவிட்டது. எங்கள் பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் புது உடுப்போடு கதவோரமாக உட்கார்ந்திருந்தோம். முதல் பாட்டு முடிந்தது, இரண்டாம் பாட்டு முடிந்தது. துரையைக் காணோம். வழியில் மோட்டார் சக்கரம் வெடித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். துரை வந்து உட்கார்ந்து, அவர் கண் முன்னால் எண்ணிப் பலகையை மாற்ற வேண்டும் என்பது ஐயாவின் ஆசை. அதனால் எண்ணவில்லை. ஆள் கலைந்துவிடக் கூடாதே என்று கதவை மட்டும் சாத்திவிட்டார்கள். ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, அப்புறம் ஒரு நீண்ட ஜெபம்.

ஜெபத்துக்கு நடுவில் வெளியே மாட்டுச் சலங்கை கேட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு எந்த மாடு என்றுகூடத் தெரிந்தது. மச்சான் வீட்டு மயிலைக் காளைகள்.

துரை வருகிறாரா என்று பார்க்க வெளியே போன கோயில்பிள்ளை, வாகைமரத்தடியில் இரண்டு வண்டி நிறைய ஆளைப் பார்த்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்றும் இருக்கும். ஆனால் வருஷக்கணக்காகத் தலை எண்ணுகிற மனுஷருக்குக் கை சும்மா இருக்குமா? "உள்ள வாங்கம்மா, நிழலா இருக்கு, உக்காருங்க" என்று அக்காவையும் பெண்டு பிள்ளைகளையும் பத்தரையும் மச்சானையும் உள்ளே கொண்டுவந்து காலியாயிருந்த கடைசிப் பெஞ்சுகளில் உட்காரவைத்துவிட்டார். அந்நேரம் துரையும் வந்து சேர்ந்தார். கதவைச் சாத்தினார்கள். கட்டை விழுந்தது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

எண்ண ஆரம்பித்தார்கள். டக், டக். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் புளியங்கொட்டை மட்டும் விழுந்தால் புதிதாக வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? அக்காவின் பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது. அக்கா அதை முன் பெஞ்சுக்காரியிடம் கொடுத்து, "என் தம்பிகிட்ட குடு தாயி" என்றாள். கைமாறிக் கைமாறிப் பிள்ளை என் மடிக்கு வந்து சேர்ந்தது. கோயில்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் எண்ணுவதா, செல்லூர் பெஞ்சில் எண்ணுவதா? என் எதிரில் வந்து பிள்ளையை ஒருதரம் பார்த்தார். ஒரு கொட்டையைப் போட்டார்.

மச்சான் பின்னாலிருந்து குனிந்து, தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "மாப்ள, நாங்க கிடையில ஆடு எண்ணுறது, எதுவும் காணாமப் போயிருச்சான்னு பாக்க. இவுக எதுக்கு எண்ணுறாக?"

"பேசாம இருங்க மச்சான்."

"இல்ல மாப்ள, கேட்டேன்."

கொட்டைச் சத்தம் அமுங்கிவிட்டது. தகரம் விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. பெரியவர்கள் இருவர் மேஜையில் கொட்டிப் பத்துப் பத்தாக ஒதுக்கினார்கள். கோயில்பிள்ளை பழைய சில்லுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். சபை வரலாற்றிலேயே அப்படி ஓர் எண் அந்த ஆணியில் தொங்கியதில்லை. ஐயா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த எண்ணுக்குள் அக்காவும் இருக்கிறாளே என்று உறுத்தவும் செய்தது.

துரை எழுந்தார். அவர் பேசுவது புத்தகத் தமிழ். "இன்று புதிதாய் வந்திருக்கிற சகோதர சகோதரிகள் தயவுசெய்து எழுந்து நிற்பார்களாக" என்றார்.

புதிதாய் வந்தவர்கள் என்றதும் அக்கா தங்களை விடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "எந்திரிங்க, விட்டுட்டாக" என்றாள். இரண்டு வண்டி ஆளும் மடமடவென்று எழுந்து கதவுக்குப் போனார்கள். கட்டை போட்டிருந்தது. அக்கா கட்டையை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"கதவத் திறங்க சாமி. பொழுது போயிரும். எங்க பிள்ளைக்குக் காது குத்தணும்."

"உட்காருங்கம்மா, ஆராதனை முடிஞ்சிரட்டும்" என்றார் ஐயா மேடையிலிருந்து.

"காலையில இருந்து உக்காந்துதான சாமி இருக்கோம்."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் செல்லூர் பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. துரை ஐயாவைப் பார்த்தார். "இவர்கள் என்ன சொல்லுகிறார்கள்?" ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் ஏதாவது சொன்னால் பலகையில் தொங்குகிற எண் பொய் என்று ஆகும். சொல்லாவிட்டால் அக்கா சாத்தின கதவடியில் நிற்பாள். மடியில் பிள்ளை என் பித்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. "இவுக என் கூடப் பொறந்த அக்காங்க ஐயா. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தாக" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஐயா துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், மிக நன்று" என்று சொல்லிக் கைகூப்பி, அப்படியே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். பெரிய கதவும் திறக்கவில்லை, எங்களுக்கென்று சொன்ன பக்கக் கதவும் துரைக்கு முன்னால் திறக்கவில்லை. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். எத்தனை தலைப்புப் பிரசங்கம் என்று எனக்கு நினைவில்லை. கதவிடுக்கில் விழுந்த வெயில் கோடு நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. கர்த்தருடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்போது வெளியே போவோம் என்று நான் வேண்டினது அன்றைக்குத்தான்.

கதவு திறந்தபோது உச்சி திரும்பிவிட்டது. பத்தர் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தாயி, இனிமே மாட்டைப் பூட்டி மலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இராகு காலம் பொறந்துரும்."

மச்சானுடைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அப்பவே சொன்னோம்ல, வேதக்காரனை நம்பாதேன்னு" என்று ஒரு குரல் கேட்டது. நான் தலை குனிந்து நின்றேன். என் வீட்டுக்காரி அழத் தொடங்கிவிட்டாள்.

அக்கா நேராக வாகைமரத்தடிக்குப் போனாள். முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு, வண்டியிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்து விரித்தாள்.

"உக்காருடா."

"அக்கா, வேண்டுதலு..."

"அழகரு கோவிச்சுக்க மாட்டாரு. அவருகிட்ட நான் பேசிக்கிறேன். உங்க ஐயா கோவிச்சுக்கிட்டா நீ பேசிக்க. பிள்ளைய மடியில வையி."

உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தேன். ஆராதனை விட்ட கூட்டம் அப்படியே சுற்றி நின்றது. பத்தர் குந்துமணி அளவு குங்குமம் தொட்டு அடையாளம் வைத்து, பிள்ளை வெல்லத்தைச் சப்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதைக் குத்தும்போது அது வீறிட்ட வீறில் துரை தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார். ஐயாவும் வந்தார். ஐயா குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினார். "நம்ம பிள்ளைகளுக்கும் குத்தியிருக்கோம்ல" என்று பொதுவாகச் சொன்னார். நான் வழியெல்லாம் கட்டிக்கொண்டு போய்ச் சொல்லாமல் விட்ட பதில் அது.

அக்கா வீட்டார் மலைக்குப் போய் மறுநாள் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அவள் தலை நிமிர்ந்து போனாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பலகை இருக்கிறதே. அடுத்த ஞாயிறு அந்தப் பெரிய எண் 'போன ஞாயிறு' ஆணிக்கு இறங்கிவிட்டது. மேலே தொங்கின எண் அதைவிட எவ்வளவோ குறைவு. ஐயா பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். அதற்கடுத்த வாரம் அது பலகையை விட்டே போய்விட்டது. போனாலும் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வருஷம் சுற்றினால் மூன்றாவது வரியில் வந்து உட்காரும். துரையும் அன்றைக்குத்தான் வந்து உட்காருவார். நாங்களே எண்ணி, நாங்களே மாட்டின எண். அதை வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வழியில்லை.

ஆறு மாதம் ஆனபிறகு குடை என் வீட்டுத் திருப்பத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிட்டது. "அக்கா வீட்டார் வருவாங்களா?" சபை ஜெபத்தில், நம் சகோதரனுடைய அக்காள் வீட்டாரையும் ஆண்டவர் கூட்டிச் சேர்க்கட்டும் என்று ஒரு வரி நுழைந்துவிட்டது. நான் ஆமென் சொல்வேன். ஆமென் சொல்லும்போது அக்காவுக்காகச் சொல்கிறேனா, பலகைக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது. அவள் இரட்சிக்கப்பட வேண்டும் என்று நான் தனியே அழுது ஜெபித்ததுண்டு. அந்த ஜெபத்திலும் இப்போது யாரோ கைவைத்துவிட்ட மாதிரி இருந்தது. முட்டி போட்டால் வார்த்தை வராது. புளியங்கொட்டைதான் காதில் விழும்.

வருஷம் நெருங்கிவிட்டது. ஐயா மெலிந்துபோனார். கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின சனி, என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "ஒரு தடவை போய்க் கேட்டுப் பாரேன். வண்டிக் கூலி வேணும்னா சபை கொடுக்கும்" என்றார். என் பாயோரத்தில் உட்கார்ந்து சட்டி பிடித்த கை அது. என்ன சொல்ல? சரி என்றேன்.

துரை வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறி அக்கா ஊருக்குப் போனேன். ஞானஸ்நானம் எடுத்தபிறகு நானாக அந்த ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. அக்கா தொழுவத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஏய், யாரு வந்திருக்கான்னு பாருங்க! எந்தம்பி வந்திருக்கான்!" பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள். கோழி அடித்தாள். பிள்ளை ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. காதில் சின்ன வளையம் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவின் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கு வந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படிப் போவேன்?

அவளே கண்டுபிடித்துவிட்டாள். "என்னடா, வாயில வச்சுக்கிட்டு முழுங்க மாட்டேங்கிறே?"

சொன்னேன். பலகையைச் சொன்னேன், மூன்றாவது வரியைச் சொன்னேன், ஐயா மெலிந்துபோனதைச் சொன்னேன். "நாளைக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிரு அக்கா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு" என்றேன்.

மச்சான் கை கழுவப் போய்விட்டார். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன் மடி வேணும்னு நான் உன்னைத் தேடி வந்தேன். நீ என் தலை வேணும்னு வந்திருக்கியா?"

தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினேன்.

"எங்களுக்கு அந்தச் சாமி மேல ஒண்ணும் வெறுப்பு இல்லடா. நீ கூப்பிட்டா வருவேன். உனக்காக வருவேன். எண்ணுறதுக்கு வரமாட்டேன்." பிறகு, "குழம்பு ஊத்தட்டுமா?" என்றாள்.

விடியக்காலம் முதல் பஸ் ஊர்முனையில் ஹார்ன் அடித்தது. அதில் ஏறினால்தான் கதவு சாத்துவதற்குள் கோயிலுக்குப் போகலாம். எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டேன். பிள்ளை என் துண்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பஸ் இரண்டாந்தரம் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஞானஸ்நானம் எடுத்தபிறகு நான் கோயிலுக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான். கிணற்றடியில் உட்கார்ந்து, தெரிந்த ஞானப்பாட்டு இரண்டை மெல்லப் பாடினேன். அக்கா தண்ணீர் இறைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கு. நிப்பாட்டாத" என்றாள்.

அன்றைக்கு எண் மூன்றாவது வரியைத் தொடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை குடை வந்தது. நான் வாசலில் போய் நின்றேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, விசாரிப்பிலிருந்து எடுத்தாலும் சரி என்று இருந்தேன். ஐயா குடையை மடக்கினார். அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அக்கா சுகமா?" என்றார்.

வருவாங்களா என்று கேட்கவில்லை. நான், "சுகம்தாங்க ஐயா" என்றேன். என் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "சரி, அடுத்த வீட்டுக்குப் போவோமா?" என்றார். போனோம்.

மறுநாள் இரண்டாம் பாட்டு முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள், கட்டை விழுந்தது. கோயில்பிள்ளை வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து வந்தார். எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது என் முன்னால் ஒரு கணம் நின்றார். தகரத்தில் அப்போது அதிகம் இல்லை. என் கொட்டை விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது.